அவுன்ஸுக்கு ஒரு பர்லாங்கு

அந்த நர்ஸம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "எத்தினி வரி எழுதினான், அதுல எத்தினி வரி நெசம்?" என்று மேலே இருந்தபடியே அளக்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு அந்த வம்பு வேண்டாம், ஒருதரம் பட்டது போதும்.

சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அவர் நர்ஸம்மா, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் தனியாகப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டையான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, நாடி பார்ப்பதற்காக மார்பில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட கடியாரம். கையில் எப்போதும் ஒரு தோல் பை. அந்தப் பைக்குள் பிறந்த குழந்தையை நிறுக்கிற வில் தராசு ஒன்று இருக்கும். கொக்கியில் துணித் தூளியை மாட்டி, அதில் குழந்தையைப் போட்டுத் தூக்கிப் பிடித்தால் முள் எடையைக் காட்டும். பிரசவம் இல்லாத நாளிலும் அந்தத் தராசுக்கு ஓய்வு கிடையாது.

தானே அளந்து பார்க்காத எதையும் நம்பமாட்டார் என்பதுதான் அவருடைய குணம். மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கினால், கடைக்காரி நிறுத்துப் போட்ட காயை அங்கேயே தூளியில் கொட்டிக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். கத்திரிக்காய் குழந்தைபோலத் தூளியில் ஆடும். "ஏமம்மா, நம்மகம் லேதா?" என்று கடைக்காரி தெலுங்கில் கோபித்துக்கொள்வாள். "உம்மேல நம்பிக்க இருக்குது. உன் தராசு மேலதான் இல்ல" என்று சொல்லி, தூளியின் எடையைக் கழித்துவிட்டு, இன்னும் இரண்டு காய் வாங்கிப் போட்டுக்கொள்வார்.

கோயிலிலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். ஐயர் பிரசங்கத்தை முடித்துவிட்டு வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டு நிற்பார். நர்ஸம்மா கடியாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்தோத்திரம் ஐயரே. இன்னிக்கி நாப்பத்திரண்டு நிமிஷம். போன வாரத்த விட ஏழு நிமிஷம் ஜாஸ்தி. விஷயம் ஒன்னும் ஜாஸ்தி இல்ல" என்பார். பாவம் அந்த மனுஷர், அடுத்த வாரம் அவசர அவசரமாக ஆமென் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குக் கார் வாங்கும் ஆசை வந்தது. அது ஆசை என்று சொன்னால் தப்பு. சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அவர் ஜட்காவில்தான் போவார். அந்தக் குதிரைக்கு அவரைவிட வயது அதிகமாகத் தெரியும். "நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள பொறந்து, எழுந்து உக்காந்துக்கினு, வா நர்ஸம்மா, காப்பி குடிக்கிறியான்னு கேக்குது" என்று சிரிப்பார். ஆனால் பாகாலா பக்கத்தில் ஒரு ஊருக்குப் போகும்போது குதிரை வழியில் படுத்துவிட்டது. இவர் நடந்தே போய்ச் சேர்ந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. எல்லாவற்றுக்கும் நிமிஷமும் அவுன்ஸும் சொல்கிற அந்த அம்மா, அதைப் பற்றி மட்டும் எத்தனை மைல், எத்தனை மணி நேரம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவரிடம் தபாலாபீஸில் அறுநூறு ரூபாய் இருந்தது. அந்தப் பணத்துக்குப் புதுக் காரின் கதவுகூட வராது, பழைய கார்தான். வருகிற கூலியில் வாரத்துக்கு இரண்டு காலன் பெட்ரோல் வாங்கலாம், அதற்கு மேல் ஒரு சொட்டு முடியாது. வாரத்துக்கு நாற்பது மைலாவது போகவேண்டும். ஆக, காலனுக்கு இருபது மைல் கொடுக்கிற வண்டி தேவை.

"காலன், மைலுன்னு பெருசு பெருசா பேசினா ஏமாத்திடுவானுங்க. சின்னதா பேசணும்" என்றார் என்னிடம். ஒரு பேப்பரில் பெருக்கி வகுத்து, காலனுக்கு இருபது மைல் என்றால் ஒரு அவுன்ஸுக்குச் சரியாக ஒரு பர்லாங்கு என்று கண்டுபிடித்திருந்தார். சாலையோரத்தில் பர்லாங்குக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள், மைலுக்கு எட்டு. "ஒரு அவுன்ஸு ஊத்தினா ஒரு கல்லு தாண்டணும். தாண்டலன்னா அது காரு இல்ல, குடிகாரன்."

கல் சரியான தூரத்தில்தான் இருக்கிறதா என்ற சந்தேகமும் அவருக்கு வந்தது. கர்ப்பிணிகளின் வயிற்றை அளக்கிற டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, சித்தூர் சாலையில் ஒரு பர்லாங்கை அளந்தார். அந்த டேப் அறுபது அங்குலம். நூற்று முப்பத்திரண்டு தடவை நாங்கள் இருவரும் நடுரோட்டில் குனிந்து நிமிர்ந்தோம். மாட்டுவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில், "கல்லு சரியாதான் இருக்குது" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

நான் ஏன் குனிந்தேன் என்று கேட்கிறீர்களா? காரணம் இருந்தது. நான் பஸ்ஸில் கிளீனராக இருந்து, ஓட்டக் கற்று, டிரைவர் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தேன். வேலைதான் இல்லை. எங்கள் சபையிலேயே எஸ்தர் என்ற பெண்ணை எனக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய நைனா, அதாவது அப்பா, கோர்ட்டு குமாஸ்தா. "நான் காரு வாங்கினா தானிதான் டிரைவரு" என்று நர்ஸம்மா என்னைக் காட்டிச் சொல்லியிருந்ததை நம்பித்தான் அந்தக் குமாஸ்தா சம்மதித்தார். லெந்து என்கிற தவக்காலம் வந்துவிட்டால் எங்களில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன் முடிக்கவேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்று ஐயர் கேட்பார்.

வருங்கால மாமனார் என்னைக் கூப்பிட்டு, "மொத ஓல படிக்கட்டும், ரெண்டாம் ஓலயும் படிக்கட்டும். மூணாவதுக்குள்ள உனக்கு வேல வரலன்னா நானே எழுந்து தட சொல்லுவேன். காரே இல்லாத டிரைவருக்கு எப்படிய்யா பொண்ணு குடுக்கறது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

ஆக மொத்தம் மூன்று ஞாயிறு, அதற்கு முன்னால் மூன்று சனிக்கிழமை. மூன்று சனிக்கிழமையும் நானும் நர்ஸம்மாவும் ரயிலேறித் திருப்பதிக்குப் போனோம். அங்கே பழைய கார் விற்கிற புரோக்கர் ஒருவர் இருந்தார். நெற்றி நிறைய நாமம், வாய் நிறைய வெற்றிலை.

முதல் சனிக்கிழமை அவர் காட்டியது யாரோ ஜமீன்தார் வைத்திருந்த கார். ஏழு பேர் உட்காரலாம். "காலனுக்கு இருபத்தஞ்சு மைலு, கேரண்டிம்மா. ஒட்டு!" என்று தன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

"உன் தலைய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அத்த பெட்ரோல் டாங்க்ல ஊத்த முடியுமா?" என்று கேட்டுவிட்டு, நர்ஸம்மா தோல் பையைத் திறந்து ரப்பர் குழாயோடு ஒரு வெள்ளைப் பீங்கான் பூச்சுப் பாத்திரத்தை எடுத்தார். உள்ளே அவுன்ஸ் கோடு போட்டிருந்தது.

"இதேந்தம்மா?" என்றார் புரோக்கர்.

"எனிமா கேனு."

புரோக்கர் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

அந்தக் கேனில் நாற்பது அவுன்ஸ் பிடிக்கும். டாங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனின் ரப்பர் குழாயை எஞ்சினில் மாட்டச் சொன்னார். நான் ஓட்டினேன். திறந்த காரில் எனக்குப் பக்கத்து சீட்டில் நர்ஸம்மா, கேனைக் கண்ணாடிக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஒன்னு… ரெண்டு…" என்று கல்லை எண்ணிக்கொண்டு வந்தார். சந்திரகிரி சாலையில் எதிரே வந்த மொட்டைத் தலைகள் எல்லாம், எனிமா கேனோடு பவனி வரும் அம்மாவைப் பார்த்து வாய் பிளந்தன. நாற்பது அவுன்ஸுக்கு நாற்பது கல் தாண்டவேண்டும். ஜமீன்தார் கார் இருபத்துமூன்றாவது கல்லில் ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது.

"குடிகாரன்" என்றார் நர்ஸம்மா. மறுநாள் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். தடை உண்டா என்று ஐயர் கேட்டபோது மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

இரண்டாம் சனிக்கிழமை சின்னக் கார். இங்கிலீஷ் வண்டி, பார்க்க சோப்புப் பெட்டி அளவுதான். ஐம்பத்தெட்டு கல் ஓடியது! நான் ஸ்டீயரிங்கை முத்தமிடாத குறை. விலையும் அறுநூறுக்குள் வந்தது. அப்போது நர்ஸம்மா, "எறங்கு. போய் பின் சீட்டுல படு" என்றார்.

"எதுக்கும்மா?"

"புள்ளத்தாச்சிய இதுலதானே ஆஸ்பத்திரிக்கி இட்டாரணும்? நீதான் புள்ளத்தாச்சி, படு."

படுத்தேன். முட்டி மோவாயை இடித்தது. புரோக்கரை ஓட்டச் சொன்னார். கார் கிளம்பியதும், "சும்மா கட்ட மாதிரி கெடக்கற! நோவு எடுத்தா சும்மாவா கெடப்பாங்க? பொரளு!" என்று அதட்டினார். கல்யாணம் நடக்கவேண்டுமே என்று உயிரைக் கொடுத்துப் புரண்டேன். "அம்மா, அம்மா" என்று கத்தக்கூடச் செய்தேன். மூன்றாவது புரளலில் கதவு திறந்துகொண்டது. சந்திரகிரி சாலைப் புழுதியில் நான் உருண்டதை, கோட்டையைப் பார்க்கப் போன ஒரு குடும்பம் முழுக்கப் பார்த்தது.

"ஓடறது சரி. ஆனா புள்ள ரோட்டுல பொறக்கும்" என்று அந்தக் காரையும் தள்ளிவிட்டார். மறுநாள் இரண்டாம் ஓலை. மாமனார் இந்தத் தடவை கனைத்ததோடு நிற்காமல், என் முழங்கையில் இருந்த சிராய்ப்பையும் பார்த்தார்.

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து கலைகிறபோது எஸ்தர் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். நடந்ததெல்லாம் சொன்னேன்.

"நாளைக்கி ரெண்டு கல்லு, மூணு கல்லு கம்மியா ஓடிச்சின்னா இன்னா பண்ணுவ?" என்றாள்.

"பண்றதுக்கு இன்னா இருக்குது? உங்க நைனா எழுந்து நிப்பாரு."

சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டு வேலிக்கு மேலாக ஒரு காலிப் புட்டி நீண்டது. தலைக்குத் தடவுகிற எண்ணெய்ப் புட்டி, எட்டு அவுன்ஸ் பிடிக்கும். "கழுவித்தான் வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். இவளைக் கட்டாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு பண்ணினேன்.

மூன்றாவது கார் நல்ல கார். ஒரு டாக்டர் வைத்திருந்தது. பச்சை நிறம், பின் சீட்டு அகலம், கதவு இறுக்கம். நான் படுத்துப் புரண்டேன், விழவில்லை. விலை அறுநூறுக்கு இருபது கம்மி. ஓட வேண்டியது மட்டும்தான் பாக்கி. புரோக்கரின் பெட்ரோல் டின்னிலிருந்து புட்டியை நிரப்பி, சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

இந்தத் தடவை நர்ஸம்மா மடியில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். ஜெபக் குறிப்பு எழுதுகிறார் என்று நினைத்தேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது. இருபதாவது கல்லில் நிறுத்தச் சொன்னார். கல்லில் எழுதியிருக்கிற இலக்கத்தைத் தானே பார்க்கவேண்டுமாம். கேனைக் கண்ணாடி விளிம்பில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார். அவர் முதுகு திரும்பியதும் புட்டியைத் திறந்து கேனுக்குள் கவிழ்த்தேன். பின் சீட்டில் இருந்த புரோக்கர், "நேனு சூடலேது பாபு" என்று, தான் எதையும் பார்க்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கார் நாற்பது கல்லைத் தாண்டியது. நாற்பத்தைந்தைத் தாண்டியது. நாற்பத்தாறில் நின்றது. "ஸ்தோத்திரம்!" என்று நான் கத்தினேன். நர்ஸம்மா இறங்கினார். வண்டிக்குப் பின்னால் போய், புகைக்குழாயிலிருந்து வந்த கடைசிப் புகையை மோந்து பார்த்தார். ஒருதரம் இல்லை, இரண்டுதரம். "சொல்லி அனுப்பறேன்" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்.

ரயில் பாகாலாவைத் தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எஸ்தரு தலைக்கி இன்னா எண்ண தடவுது?"

"தெ… தெரியாதும்மா."

"செம்பருத்தியும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சறது. நல்ல எண்ண" என்றார். அதற்குப் பிறகு சித்தூர் வரை அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூட அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் கோயிலுக்குப் போகாமல் ஓடிவிடலாமா என்று இருந்தது. எஸ்தர் முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த எண்ணெய் வாசனை எனக்கு மூன்று பெஞ்சு தள்ளி அடித்தது. ஐயர் மூன்றாம் ஓலையை வாசித்தார். "இந்த விவாகத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம்" என்றார். மாமனார் இரண்டு முழங்காலிலும் கை ஊன்றினார். பாதி எழுந்தும்விட்டார்.

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து நர்ஸம்மா எழுந்து நின்றார். கையில் அந்தக் காகிதம். அது ஜெபக் குறிப்பு இல்லை. காய்ச்சல்காரர்களுக்குக் கட்டில் தலைமாட்டில் மாட்டுவார்களே, ஏறி இறங்கும் கோடு போட்ட தாள், அதில் ஒவ்வொரு கல்லிலும் கேனில் எத்தனை அவுன்ஸ் மீதி என்று புள்ளி வைத்திருந்தார். கோடு ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்து, இருபதாவது கல்லில் செங்குத்தாக எட்டு அவுன்ஸ் ஏறியிருந்தது.

"ஐயரே, நான் தட சொல்ல வரல. ஒரு கணக்கு தப்பா இருக்குது, அத்த சரி பண்ணணும்" என்றார்.

"நேத்து ஒரு காரு நாப்பத்தாறு கல்லு ஓடிச்சி. அதுல எட்டு கல்லு காரு ஓடினது இல்ல, இந்தப் பொண்ணோட எண்ண புட்டி ஓட்டினது. புகையெல்லாம் செம்பருத்தி. எட்ட கழிச்சா முப்பத்தெட்டு." எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பெஞ்சுக்கு அடியில் போக இடம் தேடினேன்.

"முப்பத்தெட்டுன்னா ரெண்டு கல்லு கம்மி. வயசான வண்டி, ரெண்டு கல்லு கம்மியாதான் ஓடும். நான்கூட இப்போ முன்ன மாதிரியா நடக்கறேன்? அந்த ரெண்டு கல்லு நான் நடந்து போய்க்கறேன். நாளைக்கி காரு வாங்கறேன். இந்தத் திருட்டு நாயி புட்டிய ஊத்தாம இருந்திருந்தா நேத்தே வாங்கியிருப்பேன்."

பாதி எழுந்தபடியே நின்றிருந்த மாமனார், "அப்போ டிரைவரு?" என்று கேட்டார்.

"அவன்தான்."

"பொய் சொல்றவனையா வேலைக்கி வெச்சிப்பீங்க?"

நர்ஸம்மா காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "ஒரு பொண்ணுக்காக இவன் சாலையில உருண்டான், புட்டிய ஒளிச்சான், என்னையே ஏமாத்தப் பாத்தான். அங்க ஒருத்தி நோவுல துடிக்கறான்னு சொன்னா இவன் வழியில படுத்துக்க மாட்டான். எனக்கு அது போதும். நீ உக்காரு" என்றார். அவர் எந்த வழியை நினைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். மாமனார் உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா கடியாரத்தைப் பார்த்து, "ஐயரே, நாலு நிமிஷம் நான் எடுத்துக்கினேன். பிரசங்கத்துல கழிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

லெந்துக்கு முன்னாலேயே எங்கள் கல்யாணம் நடந்தது. ஊர்வலம் அந்தப் பச்சைக் காரில்தான். நானே ஓட்டினேன், வேறு யாருக்கு ஓட்டத் தெரியும்? வேலையில் சேர்ந்த பிறகு தினம் காலையிலும் சாயங்காலமும் என் கண் முன்னாலேயே டாங்க்கில் குச்சி விட்டுப் பெட்ரோலை அளப்பார். வாரத்துக்கு ஒருதரம் எனிமா கேன் பரீட்சையும் உண்டு. அதற்குமுன் என் சட்டையைத் தடவிப் பார்ப்பார். அந்தக் காரில் நாங்கள் எத்தனை ஊருக்குப் போனோம் என்று நான் எண்ணவில்லை. அவர் எண்ணியிருப்பார். ஒருதரம்கூட நாங்கள் பிந்திப் போனதில்லை, அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் எஸ்தருக்கு நோவு கண்டது. நர்ஸம்மா என்னை வாசலில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் அழுகைச் சத்தம் கேட்டது. "உள்ள வா" என்று கூப்பிட்டார். எஸ்தர் களைத்துப்போய்ச் சிரித்தாள். கத்திரிக்காய் ஆடிய அதே தூளியில் என் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் தொடப் பார்த்தேன்.

"தானி, அங்கயே நில்லு!" என்று நர்ஸம்மா போட்ட சத்தத்தில் குழந்தைகூட ஒரு நொடி அழுகையை நிறுத்தியது. "ரெண்டு கையையும் மேல தூக்கு. நீ பக்கத்துல இருந்தா எடை கூடும்."

தூக்கினேன். அவர் முள்ளைப் பார்த்தார், தூளியைக் கழித்தார், மறுபடியும் என் கைகளைப் பார்த்தார்.

"ஏழு பவுண்டு. இது மொத்தமும் புள்ளதான்" என்றார்.

எனக்குக் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்கிறவரை நான் கையை இறக்கவில்லை.